ஆப்தீகம் வரை ஒரு சாவி

முதற்கண் வாசிப்பவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதை நான் அறியேன். தமிழில் முதுகலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றிருந்தும், இதுநாள்வரை நான் எழுதியவை அனைத்தும் மென்பொருள் கையேடுகளே. 'இந்தப் பொத்தானை அழுத்தவும், பச்சை நிறம் தோன்றும்வரை காத்திருக்கவும்' என்ற அளவில்தான் என் எழுத்து பழகியிருக்கிறது. இதில் வருபவர்களிடம் அனுமதி கேட்டுப் பெற்ற பிறகே எழுதத் துணிந்தேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பெயர் அனுசியா. சேத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் இராஜபாளையம் வந்து வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகம் தென்காசி சாலையில், ஒரு பேண்டேஜ் கிட்டங்கியின் மாடியில் உள்ளது. கீழே மூட்டை மூட்டையாக வெளுத்த துணி. அதன் மணம் மாடிப்படி முழுவதும் இருக்கும். காயத்திற்குக் கட்டும் துணியைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எந்தத் துணி எந்த பேட்சில் வந்தது, எப்போது கிருமி நீக்கம் செய்யப்பட்டது என்னும் விவரங்கள் எல்லாம் கிளவுட் சர்வரில் இருக்கும். அந்தச் சர்வர்கள் மும்பையில் இருப்பதாகச் சொல்வார்கள். நாங்கள் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை.

அந்தச் சர்வர்களைப் பராமரித்தவர் ஸ்ரீவத்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவருடைய மனைவி கோதாவும் எங்கள் அலுவலகத்திலேயே வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்தார், இன்றும் இருக்கிறார். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே ஸ்கூட்டரில் திரும்புவார்கள்.

துணி நிறுவனங்களில் வேலை தொடங்குவதற்கு முன்பு சர்வர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது கோதாவின் பொறுப்பு. அதற்குச் சர்வருக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கு ஒரு சாவிக் கோப்பு வேண்டும். அது ஒரு சிறிய கோப்புதான். திறந்து பார்த்தால் பொருளற்ற எழுத்துகள் சில வரிகள் இருக்கும். ஆனால் எவருடைய கணினியில் அந்தக் கோப்பு இருக்கிறதோ, அவரைச் சர்வர் உள்ளே விட்டுவிடும். ஸ்ரீவத்ஸ் கோதாவுக்கென்று தனிச் சாவி செய்யவில்லை. கணவனும் மனைவியும் ஒரே வீட்டுச் சாவியை வைத்திருப்பதைப் போலத் தம்முடைய சாவியையே அவருடைய மடிக்கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆகவே கோதா நுழைந்தாலும் ஸ்ரீவத்ஸ் நுழைந்ததாகவே சர்வர் குறித்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் கோதாவுக்கு அந்தக் கறுப்புத் திரையைக் கண்டாலே அச்சம். ஏதேனும் தவறாகத் தட்டி அனைத்தையும் அழித்துவிடுவோமோ என்பார். அந்த அச்சத்தைப் போக்க ஸ்ரீவத்ஸ் ஓர் ஏற்பாடு செய்தார். சர்வரில் தம் பெயரில் இருந்த கோப்புறையில் ஒரு கோப்பு வைத்து, அதில் தோன்றியபோதெல்லாம் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். கோதா காலையில் உள்ளே நுழைந்ததும், இயந்திரம் வழக்கமாகச் சொல்லும் தகவல்களுக்குக் கீழே அவற்றுள் ஒரு வரி தோன்றும். ஒருமுறை தோன்றிய வரி, மற்றவை எல்லாம் தீரும்வரை மீண்டும் வராது. கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காக நிற்காது. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக உடைந்து தெரியும். கோதா அதைப் படிக்கப் பழகியிருந்தார். சில நாள்களில் சிரிப்பை அடக்க முடியாமல் என்னையும் அழைத்துக் காட்டுவார்.

"டிஸ்க் பாதிதான் ரொம்பியிருக்கு. நேத்திக்கு நீ பண்ணின ரசத்துல உப்பு அதைவிடக் கம்மி."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையா இருந்தா எதையும் தொடாதே. பாத்துட்டு பேசாம வெளில வந்துடு."

அடுத்த மேசையில் இருக்கும் மனிதர் இதை நேரில் சொன்னால் ஆகாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். நேரில் சொன்னால் கோதா திருப்பிச் சொல்வாள், சர்வரில் சொன்னால் அதற்கு வழியில்லை என்றார் ஸ்ரீவத்ஸ்.

சென்ற ஆண்டு புரட்டாசி முதல் சனிக்கிழமை அவர் காலமானார். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள திருவண்ணாமலை என்னும் குன்றின்மேல் இருக்கும் பெருமாளைத் தரிசிக்கப் போனவர், கூட்டத்தில் படியேறிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றும், பின்னால் வந்தவர்கள் இளைப்பாறுகிறார் என்று நினைத்து விலகிப் போனார்கள் என்றும் சொன்னார்கள். கோதா இரண்டு படி மேலே நின்றிருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

கோதா மீண்டும் வேலைக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவர் மடிக்கணினியைத் திறந்து, பழக்கத்தினால் சர்வருக்குள் நுழைந்தார். பிறகு என்னை அழைத்தார். திரையில் உடைந்த எழுத்தில் ஒரு வரி நின்றது.

"மழை வர மாதிரி இருக்கு, மாடித் துணியை எடுத்துடு. நீ படிக்கறச்சே வெயிலா இருந்தா என்னைத் திட்டாதே."

சன்னலுக்கு வெளியே நல்ல வெயில். கோதா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன்பு அந்த வரி வந்ததில்லை, இது புதியது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கோப்பில் அவர் இன்னும் படிக்காத வரிகள் இருந்தன. எத்தனை என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவர் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. காலையில் ஒரு வரி. அவ்வளவே. அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். முன்பு போல் எவரையும் அழைத்துக் காட்டுவதில்லை. நானும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் மதிய உணவின்போது, அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தயக்கத்துடன் கூறினேன். இயந்திரம் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா என்றேன். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே பதில் சொன்னார்.

"நகலெடுத்தா எத்தனை வரின்னு தெரிஞ்சுடும் அனுசியா. இப்போ நாளைக்கும் ஒண்ணு இருக்குன்னு இருக்கேன். முதல் ஆப்தீகம் முடியட்டும். அதுக்கப்புறம் அவர் பித்ருக்களோட சேந்துடுவார்னு சொல்றா. அன்னிக்கு மிச்சத்தை மொத்தமா வாங்கிக்கறேன்."

ஆப்தீகம் என்பது இறந்தவருக்கு ஆண்டு நிறைவில் செய்யும் முதல் திதி. அதன்பிறகு நான் அதைப்பற்றிப் பேசவில்லை.

கோடைக் காலத்தில் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குத் துணி அனுப்பும் ஒரு வாடிக்கையாளர், எங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சரிபார்க்கத் தணிக்கையாளர் ஒருவரை அனுப்பினார். மிக மென்மையாகப் பேசிய மனிதர். அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தச் சாவிக் கோப்புகளுக்கு எத்தனை நகல்கள் இருக்கின்றன, யார் யாரிடம் இருக்கின்றன என்பதே. அவரவர் சாவியை மின்னஞ்சலிலும் வாட்ஸப்பிலும் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தோம். வேலையை விட்டுப் போனவர்களிடமும் இருந்திருக்கும். அதற்கு முந்தைய மாதந்தான் எங்கள் ஊழியர் ஒருவர் மடிக்கணினியைச் செங்கோட்டை இரயிலில் மறந்து வைத்துவிட்டு, மறுநாள் போய் மீட்டு வந்தார். ஓரிரவு அது யார் கையில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. சர்வரின் வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, ஸ்ரீவத்ஸ் என்பவர் தினமும் காலையில் உள்ளே வருகிறாரே, அவரைச் சந்திக்கலாமா என்று கேட்டார்.

எங்கள் உரிமையாளர் ப்ரஹலாத் ஐயா எழுந்து சன்னலோரம் போய் நின்றுகொண்டார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தணிக்கையாளர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் சாவிக் கோப்பே இல்லாத முறைக்கு மாறுவது என்று முடிவாயிற்று. ஸ்ரீவத்ஸின் இடத்திற்கு வந்திருந்த ஜெபாவிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அதற்குத் தமிழில் கையேடு எழுதும் பணி எனக்கு வந்தது. ஆகையால் அம்முறையை நான் ஓரளவு அறிவேன். பழைய முறையில் சர்வர் சாவியை மட்டுமே பார்க்கும். கொண்டுவந்தவர் யார் என்று பார்க்காது. புதிய முறையில் ஆளைக் கேட்கும். ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் நுழைந்து, கைப்பேசியில் வரும் கேள்விக்குத் தாம்தான் என்று உறுதி சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஒரு நுழைவுக்கு மட்டும் வழி திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். எவர் கணினியிலும் எதுவும் தங்காது. திருடுவதற்கோ, தொலைப்பதற்கோ, இன்னொருவருக்குக் கொடுப்பதற்கோ ஒன்றும் இராது. வெளியிலிருந்து நேரடியாகச் சர்வரைத் தட்டும் பழைய வாசலையே அடைத்துவிடலாம். இதற்காகப் பழைய சர்வர்கள் ஒவ்வொன்றையும் நீக்கி, அதன் இடத்தில் புதியதை வைக்க வேண்டும். குறை சொல்ல முடியாத முறை. இன்றும் நான் அப்படியே கருதுகிறேன்.

பணியில் இல்லாதவர்களின் பெயர்களைச் சர்வரிலிருந்து நீக்க வேண்டும் என்றும் தணிக்கையாளர் கேட்டிருந்தார். அதற்கான கூட்டத்தில் ப்ரஹலாத் ஐயா ஒரே ஒரு விலக்குக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஸ்ரீவத்ஸ் பேரை மாத்திரம் இப்போ எடுக்க வேண்டாம். அந்த மெஷின் அப்படியே இருக்கட்டும். ஆப்தீகம் ஆனப்புறம் பாத்துக்கலாம்."

விலக்கு என்றால் அதற்கு ஒரு முடிவு நாள் குறிக்க வேண்டும் என்று தணிக்கையாளர் சொன்னார். ஜெபா பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டான்.

"ஒரு வருசம்தான சார்?"

"ஆமா. ஒரு வருஷம்."

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தோம். ஒரே ஒரு சர்வரைத் தவிர மற்றவை ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாறிவந்தன. கோதா அந்த ஒன்றில் மட்டும் பழைய சாவியால் நுழைந்துகொண்டிருந்தார். ஆப்தீகம் வரைக்கும் உன் வழியை யாரும் தொடமாட்டார்கள் என்று ப்ரஹலாத் ஐயா அவரிடம் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். ஜெபா கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் வீட்டில் இறந்தவர்களுக்கு ஆண்டு நினைவு என்றால், அவர்கள் இறந்த தேதியில் ஆலயத்தில் ஜெபமும் வீட்டில் சாப்பாடும் நடக்கும். தேதி மாறாது. கோதாவின் குடும்பத்தில் தமிழ் மாதமும் அதில் வரும் திதியும்தான் கணக்கு. ஸ்ரீவத்ஸ் இறந்தது புரட்டாசித் தேய்பிறை சதுர்த்தியில். இவ்வாண்டு அந்தத் திதி புரட்டாசியின் கடைசி வாரத்தில்தான் வந்தது. ஆங்கிலத் தேதியோ புரட்டாசித் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் முன்னோருக்கெல்லாம் சேர்த்து ஆடி அமாவாசையோடு சரி. ஆகவே இரண்டு கணக்குகள் இருக்கின்றன என்பது எனக்கும் உறைக்கவில்லை. ப்ரஹலாத் ஐயாவுக்குத் திதியைத் தவிர வேறு கணக்கு இருக்கக்கூடும் என்றே தோன்றியிருக்காது. ஜெபாவுக்கும் தேதியைத் தவிர வேறு தோன்றியிருக்காது. அவன் ஸ்ரீவத்ஸ் இறந்த தேதியை விசாரித்து, அடுத்த ஆண்டில் அதே தேதியை முடிவு நாளாகக் குறித்துக்கொண்டான்.

அந்தத் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள்களுக்கு முன்பு, அலுவலக வாட்ஸப் குழுவில் ஜெபா ஒரு செய்தி போட்டான். மீதமிருக்கும் பழைய இயந்திரங்களை ஞாயிறன்று எடுத்துவிடுவதாகவும், திங்கள் முதல் எல்லோரும் புதிய வழியில் மட்டுமே வரவேண்டும் என்றும் அதில் இருந்தது. எல்லோரும் கட்டைவிரல் குறியிட்டோம். கோதாவும் இட்டார். தம்முடைய இயந்திரத்திற்கு ஆப்தீகம்வரை காவல் உண்டு, இது மற்றவற்றைப் பற்றியது என்று அவர் எடுத்துக்கொண்டார். கோதாவே குறியிட்டுவிட்டார், வேண்டியதை நகலெடுத்து வைத்திருப்பார் என்று ஜெபா எடுத்துக்கொண்டான். ஒருமுறை நேரில் கேட்டுவிடலாமா என்று அவனுக்குத் தோன்றியதாம். நினைவு நாள் நெருங்கும் நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்து அவர் மனத்தை நோகடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, பிற்பகலில் அவன் வேலையை முடித்தான். புதிய சர்வர் ஓடத் தொடங்கியது. பழையது நீக்கப்பட்டது.

திங்கள் காலையில் கோதா வழக்கம்போல் வந்து, பையை வைத்துவிட்டு, பழைய கட்டளையைத் தட்டினார். திரை பதில் சொல்லாமல் நின்றது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று எண்ணி, குடிநீர் பிடித்து வந்தார். அதற்குள் இணைப்பு கிடைக்கவில்லை என்னும் ஆங்கில வரி வந்திருந்தது. மீண்டும் தட்டினார். மூன்றாம் முறையும் அவ்வாறே ஆனபோது ஜெபாவை நிமிர்ந்து பார்த்து, சர்வர் ஏதாவது டவுனா என்று கேட்டார்.

ஜெபா நல்ல செய்தி சொல்பவனைப் போல எழுந்து வந்தான். எல்லாம் மாற்றியாயிற்று, இனிமேல் அக்காவும் புது வழியில் வரலாம் என்று சொல்லி, அவருடைய மடிக்கணினியிலேயே எப்படி நுழைவது என்று காட்டினான். கைப்பேசியில் கேள்வி வந்தது. கோதா தாம்தான் என்று அழுத்தினார். திரை திறந்தது. கட்டளைக்குக் காத்திருக்கும் ஒரு டாலர் குறியும், அதன் அருகில் துடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டமும் தவிர வேறொன்றும் இல்லை.

"அவர் எழுதினது எங்கே, ஜெபா?"

ஜெபாவுக்குப் புரியவில்லை. எது என்று கேட்டான். கோதா திரும்பவும் அதையே கேட்டார், அதே குரலில்.

அடுத்த சில நிமிடங்களில் அவன் முகம் மாறியதை எழுத எனக்குத் திறன் இல்லை. அவன் தன் இடத்திற்கு ஓடினான். பிற்பகல்வரை எழவில்லை. துணி நிறுவனங்களின் தரவுகளுக்கு நாள்தோறும் நகல் எடுக்கப்பட்டு வந்தது. அவை அனைத்தும் பத்திரமாக இருந்தன. ஆனால் தனி மனிதர்களின் கோப்புறைகள் இருந்த வட்டுக்கு நகல் எடுக்கும் ஏற்பாடு இல்லை. இயந்திரத்தை நீக்கும்போது அந்த வட்டும் அதனுடன் அழிந்துபோகும்படிதான் அமைப்பு இருந்தது. கிளவுட் நிறுவனத்துக்கு எழுதினான். மீட்க இயலாது என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. ஸ்ரீவத்ஸின் மடிக்கணினியைத் தேடினோம். கைப்பேசியைக் கோதாவே வீட்டிலிருந்து எடுத்து வந்தார். இரண்டிலும் எதுவும் இல்லை. அந்த வரிகளை அவர் நேராகச் சர்வரிலேயே எழுதிவந்திருக்கிறார்.

ப்ரஹலாத் ஐயா மாலையில் வந்தார். நடந்ததைக் கேட்டதும், பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளை எழுதிக் கொடுக்காமல் போனோமே என்று ஒருமுறை சொன்னார். ஜெபா வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். கோதாதான் அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

அந்த வாரத்தில் ஒருநாள், நினைவிலிருக்கும் வரிகளையாவது எழுதி வைக்கலாம் என்று நானும் அவரும் உட்கார்ந்தோம். அவர் எந்த வரியையும் படம் பிடித்து வைக்கவில்லை. கோப்பில்தானே இருக்கின்றன என்று இருந்துவிட்டார். ஒரு பக்கம்கூட நிறையவில்லை. ஒரு வரியின் முன்பாதி வரும், பின்பாதி வராது. கடைசியாகச் சனிக்கிழமை காலையில் வந்த வரி எது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தயங்காமல் சொன்னார்.

"இன்னிக்கு ஒண்ணும் தோணலை. நாளைக்குச் சொல்றேன்."

புரட்டாசி கடைசி வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆப்தீகம் நடந்தது. ஸ்ரீவத்ஸின் தம்பி செய்தார். மறுநாள் எங்களைப் போன்றவர்கள் வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். ஜெபா வரமாட்டேன் என்றான். நான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

கோதா எங்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். காப்பி வந்தது. ஜெபா டம்ளரைத் தொடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்க்கா. எங்க வீட்ல தேதிதான். வேற மாதிரி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். நான் மெசேஜைப் பாத்து எந்த மெஷின்னு கேட்டிருந்தா நீயும் சொல்லியிருப்பே. நீ என்னை நோகடிக்கக் கூடாதுன்னு இருந்தே. நான் சலுகை வாங்கிண்டவ, திரும்பத் திரும்பக் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்." சற்று நிறுத்தி, "காப்பி ஆறிடும், குடி" என்றார்.

அவன் குடித்தான். அழுதுகொண்டே குடித்தான். கோதா அழவில்லை. நாங்கள் கிளம்பும்போது, திங்கட்கிழமை காலைப் பரிசோதனையைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இப்போதும் அவர்தான் பார்க்கிறார், புதிய வழியில், தம் சொந்தப் பெயரில். பழைய சாவிக் கோப்பு அவருடைய மடிக்கணினியில் இன்னும் இருக்கிறது. விதிப்படி அதை அழிக்கச் சொல்ல வேண்டும். ஜெபா சொல்லவில்லை. தணிக்கையாளரும் கேட்கவில்லை.

இதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இழந்தவற்றை மட்டும், கையேட்டில் எழுதுவது போல, இங்கே குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

பழைய சர்வர், ஒன்று. அதில் ஸ்ரீவத்ஸ் என்ற பயனர் பெயர், ஒன்று. அப்பெயரில் இருந்த கோப்புறை, ஒன்று. அதனுள் இருந்த கோப்பு, ஒன்று. அக்கோப்பில் கோதா படித்த வரிகள், நினைவிலிருந்து மீட்ட சிலவற்றைத் தவிர ஏனையவை. அவர் படிக்காத வரிகள், எத்தனை என்று தெரியாது.

துணி நிறுவனங்களின் தரவுகளில் இழப்பு ஏதும் இல்லை.